ஒரு தடவைக்கு ஒரு தட்டு மீ

கோத்தா திங்கியில் ஆண்டுக் கடைசி மழையை நம்பி எந்தத் திட்டமும் போட முடியாது. 2006 டிசம்பரில் ஒரு முறை, அடுத்து 2007 ஜனவரியில் இன்னொரு முறை ஜொகூர் ஆறு ஊருக்குள் வந்ததைப் பார்த்தவர்களுக்கு, வானம் கறுத்தாலே கால் வீட்டைப் பார்த்துத்தான் நடக்கும். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக்குப் போய் ஏதாவது கட்டிக்கொண்டு வரலாம் என்று நினைத்திருந்த சாயங்காலத்தில் மழை பிடித்துக்கொண்டால், எங்கள் வீட்டில் கைகொடுப்பது மீ கோரெங் டாகிங். மாட்டிறைச்சி போட்ட மீ (நூடுல்ஸ்) பிரட்டல். டாகிங் என்றால் வெறும் ‘இறைச்சி’தான். ஆனால் மலேசியக் கடைகளில் அந்தச் சொல் தனியாக வந்தால் பெரும்பாலும் மாட்டையே குறிக்கும்.

வெட்டவும் ஊறவைக்கவும் அரை மணி நேரம் ஒதுக்கிவிட்டால், அடுப்புக்கு முன்னால் நிற்பது தட்டுக்கு ஐந்து நிமிடம்தான். அந்த ஐந்து நிமிடத்தில்தான் எல்லாம் கெட்டுப்போகும்.

முதன்முதலில் செய்தபோது நான்கு பேருக்கான மீயையும் இறைச்சியையும் ஒரே குவாலியில் (வாணலியில்) கொட்டினேன். இறைச்சி வெளிறிப்போய் தண்ணீர் விட்டது, மீ அந்தத் தண்ணீரைக் குடித்து உப்பியது, கிளறக் கிளற அறுந்தது. மேசைக்கு வந்தது ஒரு மாதிரியான கூழ். பிறகு ஒரு நாள், வழக்கமாகப் போகும் மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவுக்கடையில்) மீ பிரட்டுகிற பெரியவரிடம் கேட்டேன்.

“ஒரே தடவையில எத்தனை பேருக்குப் போட்டீங்கம்மா?”

“நாலு பேருக்கு, மாமா.”

“இவ்ளோ பெரிய தீய வச்சுக்கிட்டு நானே ரெண்டு தட்டுக்கு மேல போடறதில்ல. உங்க வீட்டு அடுப்புக்கு ஒரு தட்டு. அதுக்கு மேல போட்டா வேகும், வறுபடாது.”

‘வேகும், வறுபடாது’ என்பதை அன்றிலிருந்து விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இறைச்சியின் மேல் அந்தப் பழுப்பு நிறமும் வாசனையும் வர வேண்டுமானால் சட்டியின் சூடு 140 டிகிரியைத் தாண்ட வேண்டும். குவாலியில் தண்ணீர் நிற்கும்வரை சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறாது. குளிர்ந்த பொருளை நிறையப் போட்டால் சட்டி ஆறுகிறது, சாறு வழிகிறது, வழிந்த சாறு ஆவியாகி முடிப்பதற்குள் இறைச்சி செருப்பாகிவிடுகிறது. கடைக்காரரின் அடுப்பு சாற்றை வந்த வேகத்திலேயே விரட்டும். நம் வீட்டு அடுப்புக்கு அந்தத் தெம்பு கிடையாது. தீயைப் பெரிதாக்க முடியாதவர்கள் அளவைச் சிறிதாக்க வேண்டும்.

சரி, இறைச்சிக்கு வருவோம். இரண்டு பேருக்கு 200 கிராம் போதும். எலும்பில்லாத தனிச் சதையாகக் கேளுங்கள். டாகிங் பெஜால் என்றால் கடைக்காரர் புரிந்துகொள்வார். குழம்புக்குப் போடும் நரம்பும் சவ்வும் உள்ள துண்டு இதற்கு ஆகாது, அது மெதுவாக வேக வேண்டிய ஜாதி. உள்ளூர் மாட்டின் புதிய இறைச்சி கிடைத்தால் நல்லது. பலர் வாங்குவது விலை குறைந்த உறைந்த இறைச்சிக் கட்டியைத்தான். அதில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து கப்பலில் வரும் எருமை இறைச்சி. நம் பாட்டன்மார் வந்த அதே கடல் வழியாக எருமையும் வந்து இங்கே ‘டாகிங்’ என்று பெயர் மாற்றிக்கொள்கிறது! எருமை இறைச்சி மட்டம் என்று நான் சொல்லமாட்டேன். நிறம் கொஞ்சம் கறுப்பு, கொழுப்பு குறைவு, நார் சற்று முரடு. சரியாக வெட்டி ஊறவைத்தால் இந்தச் சமையலுக்கு அது தாராளமாகப் பொருந்தும்.

உறைந்த கட்டியைச் சமையல் மேடையில் நாள் முழுக்கப் போட்டு வைக்காதீர்கள். நம் ஊர் வெக்கையில் உள்ளே பனி இளகுவதற்குள் வெளிப்புறம் கெட ஆரம்பித்துவிடும். முதல் நாள் இரவே குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். முழுதாக இளகும் முன்பே எடுத்தால் இன்னும் வசதி, பாதி உறைந்த இறைச்சி கத்திக்கு அடங்கும். புதிய இறைச்சியாக இருந்தால் அரை மணி நேரம் உறைபெட்டியில் வைத்து எடுங்கள்.

வெட்டுவதற்கு முன் இறைச்சியை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். நார்கள் ஒரே பக்கமாக, கோரைப்பாய் போல ஓடும். அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே, 3 மில்லிமீட்டர் கனத்தில், கத்தியைச் சற்றுச் சாய்த்து வெட்ட வேண்டும். நாரோடு சேர்ந்து நீளவாக்கில் வெட்டினால் நீண்ட கயிறுகளைப் பல்லால் அறுக்க வேண்டியிருக்கும். குறுக்கே வெட்டினால் கயிறு துண்டு துண்டாகிவிடுகிறது, பல்லுக்கு வேலை மிச்சம். இதை மட்டும் ஒழுங்காகச் செய்துவிட்டால் மற்ற தவறுகள் பாதி மன்னிக்கப்படும்.

வெட்டிய 200 கிராமுக்குச் சமையல் சோடா கால் தேக்கரண்டி, தண்ணீர் ஒரு மேசைக்கரண்டி. பிசறி 15 நிமிடம் வையுங்கள். சோடாவின் காரத்தன்மை இறைச்சியின் புரதங்களை இறுகிச் சுருங்கவிடாமல் தடுக்கிறது, சாறு உள்ளேயே தங்குகிறது. சீன உணவுக்கடையில் மாட்டிறைச்சி பட்டுப்போல இருப்பதில் இந்தச் சோடாவுக்கும் பங்குண்டு. கால் கரண்டி வேலை செய்தால் ஒரு கரண்டி இன்னும் நன்றாகச் செய்யும் என்று நினைக்க வேண்டாம், சோப்பு வாடை வரும். 15 நிமிடம் ஆனதும் ஒரு முறை அலசி, நன்றாகப் பிழிந்து, கிச்சாப் மாசின் (உப்புச் சோயா சாஸ்) ஒரு தேக்கரண்டி, சோளமாவு ஒரு தேக்கரண்டி, வெள்ளை மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, எண்ணெய் ஒரு தேக்கரண்டி சேர்த்துப் பிசறி, இன்னும் பத்து நிமிடம் வைக்கலாம். எண்ணெய் எதற்கு என்றால், சட்டியில் போட்டதும் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிவதற்கு.

இறைச்சி ஊறும்போது மீயைக் கவனியுங்கள். ஆளுக்கு 150 கிராம் மஞ்சள் மீ. மாவில் சேர்க்கும் காரநீர்தான் அதற்கு மஞ்சள் நிறத்தையும் இழுவையையும் கொடுக்கிறது, சில பாக்கெட்டுகளில் சாயமும் சேரும். பாக்கெட்டைத் திறந்ததும் மூக்கில் ஏறும் வாடையும் காரநீருடையதுதான். கொதிநீரை மேலே ஊற்றி, அரை நிமிடம் விரலால் பிரித்து, உடனே வடிகட்டுங்கள். வாடையும் மேலே பூசியிருக்கும் எண்ணெயும் போய்விடும். வேகவைக்கக் கூடாது, அது ஏற்கெனவே வெந்த மீ. வடிகூடையிலேயே பரப்பிக் காயவிடுங்கள். ஈரமாகக் குவாலிக்குப் போனால் பழைய கூழ்க் கதைதான்.

ஒரு கிண்ணத்தில் கிச்சாப் மானிஸ் (இனிப்புச் சோயா சாஸ்) ஒன்றரை மேசைக்கரண்டி, கிச்சாப் மாசின் ஒரு மேசைக்கரண்டி, சிப்பி சாஸ் ஒரு மேசைக்கரண்டி, தக்காளி சாஸ் ஒரு மேசைக்கரண்டி, தண்ணீர் மூன்று மேசைக்கரண்டி கலந்து வையுங்கள். அடுப்பு எரியும்போது போத்தல் மூடியைத் திருகிக்கொண்டிருக்க நேரம் இராது. உப்பு தனியாக வேண்டாம்.

பிறகு சிலி போ. பத்துக் காய்ந்த மிளகாயை விதை உதறி, சுடுநீரில் ஊறவைத்து, மையாக அரைத்தால் அதுதான். கடையில் அரைத்தும் விற்கிறார்கள். இரண்டு பேருக்கு ஒன்றரை மேசைக்கரண்டி. பூண்டு நான்கு பல், சின்ன வெங்காயம் நான்கு, இரண்டையும் பொடியாக நறுக்குங்கள். மலாய்க்காரர்கள் சாவி என்று சொல்லும் கீரை ஒரு பிடி (பூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை), தண்டு தனி, இலை தனி. தௌகே (முளைப்பயறு) ஒரு பிடி. முட்டை இரண்டு. மாமாக் கடைச் சுவை வேண்டுமென்றால் வேகவைத்த உருளைக்கிழங்கு ஒன்று, சின்னச் சதுரங்களாக. எல்லாவற்றையும் இரண்டு தட்டுகளில் சரிபாதியாகப் பிரித்து அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள்.

இன்னும் சில நிமிடம் மிச்சமிருக்கும். இந்த ஊர்க் கதை ஒன்று அதற்குச் சரியாக இருக்கும். கோத்தா என்பது நம் கோட்டைக்குச் சொந்தக்காரச் சொல். பழைய ஜொகூர் அரசின் கடைசி மலாக்கா வம்சத்துச் சுல்தான் மாமூத் 1699இல் கொல்லப்பட்டது இங்கேதான். கல்லறையும் இங்கேதான், கம்போங் மாக்காமில். மெகாட் ஸ்ரீ ராமா என்பவரின் கர்ப்பிணி மனைவி மசக்கையில் சுல்தானின் தோட்டத்துப் பலாச்சுளை ஒன்றைத் தின்றுவிட்டாள், சுல்தான் அவள் வயிற்றைக் கிழிக்கச் சொன்னார், பல்லக்கில் போகும்போது கணவன் பழிதீர்த்தான் என்பது வாய்வழிக் கதை. வரலாற்றுக்காரர்கள் இதை வேறு மாதிரிச் சொல்வார்கள். எனக்கோ, பசித்தவருக்குச் சீக்கிரம் சமைத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றும்.

இப்போது அடுப்பு. ஜன்னலைத் திறந்துவிடுங்கள், புகை வரும். காலிக் குவாலியை முழுத்தீயில் இரண்டு நிமிடம் காய விடுங்கள். லேசாகப் புகை கிளம்பியதும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைச் சுற்றி விட்டு, பாதி இறைச்சியை மட்டும் பரப்பிப் போடுங்கள். போட்டதும் கரண்டி தானாகக் கிளறப் போகும், தடுத்து நிறுத்துங்கள். 45 விநாடி தொடாமல் விட்டால்தான் அடிப்பக்கம் சிவக்கும். பிறகு புரட்டி இன்னும் 30 விநாடி. நடுவில் கொஞ்சம் சிவப்பு இருக்கும்போதே எடுத்து வைத்துவிடுங்கள், மீயோடு சேரும்போது மிச்சமும் வெந்துவிடும். மீதிப் பாதியையும் இப்படியே. ‘சர்ர்ர்’ என்ற சத்தம் அடங்கி ‘புளுபுளு’ என்று கேட்டால் அதிகம் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

தீயைக் குறைத்து, முதல் தட்டுக்கு இன்னொரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, பாதி வெங்காயம், பூண்டு, பாதி சிலி போ. இங்கே மட்டும் பொறுமை வேண்டும். மிளகாய் விழுதின் பச்சை வாடை போய், ஓரத்தில் எண்ணெய் சிவப்பாகப் பிரியும்வரை ஒன்றரை, இரண்டு நிமிடம் வதக்குங்கள். அவசரப்பட்டால் சாப்பிடும்போது தொண்டை சொல்லும்.

பிரிந்ததா? தீயை முழுதாக ஏற்றுங்கள். கீரைத் தண்டு, கிழங்கு. பத்து விநாடி கழித்து எல்லாவற்றையும் ஓரம் தள்ளி, காலியான இடத்தில் ஒரு முட்டையை உடைத்து, பாதி இறுகியதும் கலைத்துவிடுங்கள். உடனே ஒரு தட்டுக்கான மீ. கிளறாமல், அடியிலிருந்து அள்ளி மேலே போடுங்கள். சாஸ் கலவையில் பாதியை மீயின் தலையில் ஊற்றாமல், குவாலியின் சூடான சுவரைச் சுற்றி ஊற்றுங்கள். சுவரில் பட்டு அது பொரியும்போது வரும் வாசனைதான் கடை வாசனை. கிச்சாப் மானிஸில் சர்க்கரை நிறைய இருப்பதால் சட்டென்று கருகும், எனவே ஊற்றியதும் கை நிற்கக் கூடாது. ஒரு நிமிடம் புரட்டி, பாதி இறைச்சியைத் திரும்பச் சேர்த்து, கீரை இலையும் தௌகேயும் போட்டு 20 விநாடியில் இறக்குங்கள். தௌகே கடிபட வேண்டும், துவளக் கூடாது.

முதல் தட்டைப் பசித்தவர் கையில் கொடுத்து அனுப்பிவிடுங்கள். எல்லாரும் சேர்ந்து உட்காரலாம் என்று காத்திருந்தால் மீ ஆறி ஒட்டிக்கொள்ளும். மேலே ஒரு கஸ்தூரி எலுமிச்சையைப் பிழிய வேண்டும். அது இல்லாமல் இந்த மீ முழுமையாகாது என்பது என் கட்சி.

எங்கள் வீட்டில் மாடு சமைப்போம், எதிர் வீட்டில் தொடமாட்டார்கள். இந்துக் குடும்பங்கள் பல அப்படித்தான், குவான் யின் அம்மனைக் கும்பிடும் சீனர் பலரும் அப்படித்தான். விருந்தாளி வருகிறார் என்றால் முன்பே கேட்டுவிடுங்கள். கோழித் தொடைச் சதையை வைத்து இதையே செய்யலாம். சோடா தேவையில்லை, இறைச்சி உள்ளே முழுதாக வேக வேண்டும். ‘மாட்டை மட்டும் ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுங்கள்’ என்பது உபசாரமில்லை. மாடு தொடாத விருந்தாளிகளுக்கென்று நான் தனிக் குவாலியே வைத்திருக்கிறேன். முஸ்லிம் நண்பர்கள் வருவதாக இருந்தால் இறைச்சியோடு சிப்பி சாஸ் போத்தலிலும் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு மஞ்சள் மீ கிடைக்காவிட்டால், காய்ந்த முட்டை நூடுல்ஸை முக்கால் பதம் வேகவைத்து, எண்ணெய் தடவி ஆறவிட்டுப் பயன்படுத்தலாம். சென்னையில் பாரிமுனைப் பக்கம் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ கடைகளைத் தெரிந்தவர்களுக்கு நூடுல்ஸும் தமிழ்க் கையும் சேர்வது புதுசு இல்லை. இங்கே எங்கள் தட்டில் ‘மீ’ ஹொக்கியன், ‘கோரெங்’ மலாய், அதைக் கடைத்தெருவில் பிரட்டி விற்ற ‘மாமாக்’ நம் மாமா.

இரண்டாவது தட்டுக்கு முன் குவாலியைக் கழுவ வேண்டாம். கருகிய துணுக்குகளை மட்டும் துணியால் துடைத்துவிட்டு மறுபடி காய வையுங்கள். சமைத்தவர் தட்டு கடைசியாகத்தான் வரும். நான் அதில் வருத்தப்படுவதில்லை. அதற்குள் குவாலி நன்றாகச் சூடேறி, கையும் பழகியிருக்கும்.