ஸ்டாக்கை மாற்றும் முன்

துப்பாக்கி வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு பேரலில் தொடங்கி ஸ்டாக்கில்தான் போய் நிற்கும். கம்பெனி கொடுத்த கட்டையைக் கழற்றிவிட்டு லேமினேட் போடலாமா, அலுமினியத்துக்குப் போகலாமா என்று ஆளுக்கொரு யோசனை. படூரில் குடியிருந்துகொண்டு, ஓய்வு நேரத்தில் ஏர் ரைஃபிளில் காகிதத்தைச் சுடுகிறவன் நான். என் அனுபவத்தில் பலருக்கும் புது ஸ்டாக்கைவிட ஒரு ஆலன் கீயும் அரை அங்குல ரப்பரும்தான் முதலில் தேவைப்படுகின்றன.

வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் சொல்லும் அறிவுரையை அப்படியே இங்கே இறக்க முடியாது. அவர்கள் மலையேறுகிறார்கள், பனியில் படுத்துக் காத்திருக்கிறார்கள். ரைஃபிளின் எடை குறைவதே அவர்களுக்குப் பெரிய காரணம். நமக்கோ 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் பொழுதுபோக்கு வேட்டை முடிந்துபோனது. செங்கல்பட்டுச் சீமையில் வேட்டைக்கு எதிர்ப்பு இன்னும் பழையது. வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரே திரண்டு போய் முறையிட்டது. 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்க உத்தரவு எழுதிக் கொடுத்தார்.

ஆக, இங்கே மிஞ்சியிருக்கும் வேட்டை ரைஃபிள் எதுவென்றால், பயிர்க் காவலுக்கென்று என்றோ லைசன்ஸ் எடுத்து பீரோவில் வைத்திருக்கும் .315 தான். ராணுவத் தோட்டா குடிமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று ஆங்கிலேயர் நினைத்ததால் புழக்கத்துக்கு வந்த அளவு அது. மதுராந்தகம் பக்கம் எங்கள் பெரியப்பா வீட்டில் ஒன்று உண்டு.

"ஏன்டா, இதுக்குப் புதுசா ஒரு கட்டை போட்டா என்ன?" என்று ஒருமுறை கேட்டார்.

"வேணாம் பெரியப்பா. எப்பவாவது எடுத்து எண்ணெய் போடுறீங்க, எலக்‌ஷன் வந்தா ஸ்டேஷன்ல கொண்டுபோய் ஒப்படைக்கிறீங்க. அதுக்கு எதுக்குச் செலவு?"

செலவு மட்டுமில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கும் தொழிலுக்கே லைசன்ஸ் வேண்டும். தெரிந்த ஆசாரிதானே என்று .315ஐ அவர் பட்டறையில் விட்டுவந்தால் அவருக்கும் வம்பு, நமக்கும் வம்பு. லைசன்ஸ் துப்பாக்கி என்றால் உரிமம் பெற்ற கடைதான், வேறு பேச்சில்லை.

ஏர் ரைஃபிளில் கை கொஞ்சம் தாராளம். .177 அளவைத் தாண்டாமல், 20 ஜூலுக்குள் ஆற்றல் இருந்தால் 2016ஆம் ஆண்டு விதிகள் லைசன்ஸ் கேட்பதில்லை. அதனாலேயே மாற்றும் ஆசையும் கூடுதல். ஆசை வந்ததும் செய்ய வேண்டியது, கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் வைப்பது. கன்னம் இயல்பாக எங்கே போய் உட்காருகிறதோ அங்கேயே விட்டுவிட்டுக் கண்ணைத் திறந்து பாருங்கள். ஸ்கோப்பில் முழு வட்டம் தெரிந்தால் கட்டை உங்களுக்குப் பொருந்துகிறது. ஓரத்தில் கறுப்புப் பிறை தெரிந்தாலோ தலையைத் தூக்கித் தேட வேண்டியிருந்தாலோ பொருந்தவில்லை.

இரும்பு சைட்டுக்காகத் தாழ்வாகச் செதுக்கிய கட்டையின் மேல் நாமாக ஸ்கோப்பை ஏற்றும்போது பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. பல வேட்டை ஸ்கோப்புகளை நூறு கெஜத்துக்கென்று பாரலாக்ஸ் சரிசெய்து அனுப்புகிறார்கள். அதை வைத்துப் பத்து மீட்டரில் சுட்டால் கண் சற்று நகர்ந்தாலும் குறுக்குக் கோடு குறியை விட்டு விலகும். சர்வதேசப் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் குறியில் பத்துப் புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர் என்பதை நினைத்தால், கன்னம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்காருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். இதற்காகப் புது ஸ்டாக் வாங்க வேண்டியதில்லை. கெட்டியான ஃபோமை வெட்டி வைத்து, மேலே தோல் பட்டையைக் கட்டினால் போதும். நான் இன்னமும் அப்படித்தான் வைத்திருக்கிறேன், பார்க்க அசிங்கமாக இருந்தாலும்.

நீளத்தையும் பாருங்கள். குண்டு போடாத துப்பாக்கியின் அடிப்பகுதியை முழங்கை மடிப்பில் வைத்தால், விரலின் முதல் கணு டிரிகருக்கு எட்ட வேண்டும். இது தோராயக் கணக்குதான். குட்டையாக இருந்தால் ரப்பர் துண்டு சேர்க்கலாம். நீளமாக இருந்தால் அறுக்கத்தான் வேண்டும், அறுத்த மரம் திரும்ப ஒட்டாது. அறுக்க நேர்ந்தால் ஸ்டாக்கை மட்டும் கழற்றி ஆசாரியிடம் கொண்டுபோங்கள்.

இனி எங்கள் ஊர்ச் சங்கதி. படூருக்குக் கிழக்கே முட்டுக்காடு உப்பங்கழி, அதைத் தாண்டினால் கடல். ஐப்பசி மழை தொடங்கினால் மரம் ஈரம் குடித்து உப்புகிறது, பங்குனி வெயிலில் சுருங்குகிறது. ஸ்டாக் திருகுகள் தளர்வது இதனால்தான். ஸ்பிரிங் ரைஃபிளில் முன்னும் பின்னுமாக உதறும் உதைப்பு மிச்சத்தையும் தளர்த்திவிடும். குண்டுகள் திடீரெனச் சிதறத் தொடங்கினால் ஸ்கோப்பைத் திட்டுவதற்கு முன் இந்தத் திருகுகளை இறுக்கிப் பாருங்கள். கட்டையைக் கழற்றினால் இன்னொன்றும் தெரியும்: வெளியே பளபளவென்று பாலிஷ், இரும்பு உட்காரும் பள்ளத்தில் பச்சை மரம். அங்கே வார்னிஷ் அடித்து, இரும்பின் அடிப்பக்கத்துக்கு எண்ணெய் பூசுங்கள். உப்புக்காற்றின் துரு கண்ணுக்குத் தெரியாத அந்தப் பக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது.

இத்தனை செய்தும் மழைக்காலத்துக்கொரு ஜீரோ, வெயில் காலத்துக்கொரு ஜீரோ என்று அலைந்தால், கடற்கரைக்காரருக்கு லேமினேட்டோ சிந்தெட்டிக்கோ நியாயமான செலவு. சிந்தெட்டிக் என்ற பெயரில் உள்ளே பொள்ளலாக வருவதை மட்டும் வாங்காதீர்கள். முன்பகுதியைக் கையால் நெரித்தால் வளைந்து பேரலைத் தொடுகிறதென்றால் பழைய மரமே மேல்.

போட்டிக்குப் போகும் பிள்ளைகளின் கணக்கு வேறு. உயரம் கூடிக்கொண்டே போகும் வயதில், கன்னமும் நீளமும் நகரும் ஸ்டாக் முதலிலிருந்தே வேண்டும். ஆனால் ஏர் ரைஃபிளின் மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது போட்டி விதி. கனமான அலுமினிய ஸ்டாக்கை ஆர்டர் செய்யும் முன் தராசில் கணக்குப் பாருங்கள். புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடிய டிராப் ஆட்டத்தில் ஸ்டாக்கின் பொருத்தம் இன்னும் முக்கியம். அந்த ஆட்டத்தின் ஷாட்கன்னில் பின் சைட்டே கிடையாது, சுடுபவரின் கண்தான் பின் சைட். அங்கே கட்டைக்கு உடம்பளவு எடுப்பது சட்டைக்குத் தையல்காரர் அளவு எடுப்பது மாதிரி, தள்ளிப்போட முடியாது.

வாங்குவதென்று முடிவு செய்துவிட்டால், அதே ஸ்டாக் வைத்திருக்கும் கிளப் நண்பரிடம் ஒரு காலைப்பொழுதுக்குக் கேட்டு வாங்குங்கள். ஒரே டப்பா பெல்லட்டில், ஐந்து குண்டு வீதம் பல தாள்களில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சுட்டு, தேதி எழுதி வையுங்கள். ஒரு தாளில் நன்றாக வந்ததை நம்பாதீர்கள். பழைய கட்டையைத் தூக்கிப் போடவும் வேண்டாம். பின்னால் ரைஃபிளை விற்கும்போது வாங்க வருகிறவர் முதலில் அதைத்தான் கேட்பார்.