டிஸ்பென்சரியா, கிளங்கனா, ஹட்டன் டவுனா?

தோட்டத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் லயத்தில் முதலில் எழும் கேள்வி, இன்றைய பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகுமா என்பதுதான். 2024 வர்த்தமானிப்படி அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக இருந்தது. கிளங்கன் அரச ஆஸ்பத்திரியில் டாக்டர் இலவசம். ஆனால் பஸ் பிடித்துப் போய், நம்பர் எடுத்து, மருந்து வாங்கித் திரும்புவதற்குள் அந்தப் பேர் போய்விடும். ஹட்டன் டவுனில் பிரைவேட் டாக்டர் காசு வாங்குகிறார். கொழுந்து நிறுத்துவிட்டு மாலையில் போனாலும் பார்க்கிறார். ஆகவே கட்டணத்தை மட்டும் வைத்து எது மலிவு என்று சொல்லிவிட முடியாது. டாக்டருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள், எதைக் கணக்கிட்டுக் கொடுக்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும்.

தோட்ட டிஸ்பென்சரி

மிக அருகில் இருப்பது இதுதான். இங்கிருப்பவரை எல்லோரும் டாக்டர் என்றே கூப்பிட்டாலும், அவர் தோட்ட மருத்துவ உதவியாளர். மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்ல. அவருக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனி. இது கோப்பிக் காலத்து ஏற்பாடு. 1872இலும் 1912இலும் வந்த மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டங்கள், தொழிலாளியின் வைத்தியத்தில் தோட்டத்துக்கும் ஒரு பொறுப்பை வைத்தன. 1951இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் ஒழிந்த பிறகும் தோட்டத்து வைத்தியம் தனி ஏற்பாடாகவே நீடித்தது. 1990களில் அரசு தோட்ட ஆஸ்பத்திரிகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது; அந்த வேலை இன்னும் முடிந்தபாடில்லை.

இங்கே நோயாளிக்குச் செலவில்லை. ஆனால் ‘இவருக்கு ஓய்வு வேண்டும்’ என்று துண்டு எழுதுபவருக்கும், அவரை மலைக்கு அனுப்புபவருக்கும் ஒரே நிர்வாகம்தான் படியளக்கிறது. கவ்வாத்துக் கத்திக் காயம், தலைவலி, மருந்து கட்டுதல் போன்றவற்றுக்கு டிஸ்பென்சரி போதும்.

அரச ஆஸ்பத்திரி

அரச டாக்டருக்கு மாதச் சம்பளம். பத்துப் பேரைப் பார்த்தாலும் நூறு பேரைப் பார்த்தாலும் நோயாளியிடமிருந்து அவருக்கு ஒரு சதமும் வராது. அதனால் தேவையில்லாத ஊசி போடுவதில் அவருக்கு லாபமில்லை. உட்கார வைத்து விளக்கம் சொல்ல அவருக்கு நேரமும் இல்லை. கட்டணம் இல்லாததன் பெறுமதியை ஒரு பழைய சோதனை காட்டியது. 1971இல் வெளிநோயாளர் பிரிவில் 25 சதம் அறவிடத் தொடங்கியதுமே வருகை சட்டென்று குறைந்தது. 1977இல் அதை நீக்கினார்கள்.

டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையின் 150 கட்டில்கள் கொண்ட புதிய கட்டடம் இந்திய உதவியில் எழுந்தது. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார். மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் பிரதேச வைத்தியசாலைகள் உண்டு. குறை என்னவென்றால், 2022 நெருக்கடியில் நேர்ந்ததுபோல மருந்து கையிருப்பு தீர்ந்தால், ‘வெளியே வாங்குங்கள்’ என்று துண்டு வரும்.

பிரைவேட் டாக்டர்

இவருக்கு வருமானம் வருகிற ஆளுக்கு இவ்வளவு என்ற கணக்கில். நேரம் வசதி, பேச்சில் கனிவு. சிங்களம் தடுமாறுபவருக்குத் தமிழில் சொல்லி அழ ஓர் ஆளும் கிடைக்கலாம். காலையில் அரச ஆஸ்பத்திரியில் இருந்தவரே மாலையில் இங்கே உட்கார்ந்திருப்பதும் உண்டு. கடமை நேரத்துக்குப் பின் அதற்கு அனுமதி இருக்கிறது.

ஆனால் திருப்தியோடு போகிற நோயாளிதான் திரும்பி வருவார் என்பதால், கூடுதலாக ஓர் ஊசி, கூடுதலாக ஓர் அன்டிபயோட்டிக் என்று கை நீள இடமுண்டு. பலர் மருந்துக்கும் சேர்த்தே பில் போட்டு, குளிசைகளைப் பெயரில்லாத கடதாசி உறையில் தருகிறார்கள். மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், அதுவும் கம்பெனிப் பெயரை அல்ல, மருந்தின் மூலப் பெயரை. பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் ஒசுசல கடைகளில் அதை வைத்து விலை ஒப்பிடலாம். டாக்டர் இலங்கை மருத்துவ சபையில் பதிவானவரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதற்கு எங்கே?

சீனி வருத்தம், பிரஷர்: அரச கிளினிக். ஆயுள் முழுக்க விழுங்க வேண்டிய குளிசையை மாதாமாதம் காசுக்கு வாங்கிக் கட்டுப்படியாகாது. திகதி முன்கூட்டியே தெரிவதால் எந்தப் பேர் போகும் என்பதையும் திட்டமிடலாம்.

கர்ப்பம், பிள்ளைத் தடுப்பூசி: குடும்ப நல உத்தியோகத்தரும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும். இதற்குப் பிரைவேட் தேவையே இல்லை.

சளி, இருமல், தொண்டை வலி: கையில் காசிருந்தால் மாலையில் டவுன். அரச ஆஸ்பத்திரிக்குப் போனால் போகும் பேரைவிடக் கட்டணம் குறைவா என்று மட்டும் பாருங்கள். மூன்று நாளாகியும் இறங்காத காய்ச்சல் என்றால் இரத்தப் பரிசோதனையும் வார்டும் உள்ள ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும்.

குளவி கொட்டி மூச்சு முட்டினால், நெஞ்சு வலித்தால் எந்தக் கணக்கும் வேண்டாம்: 1990 சுவசெரிய அம்புலன்ஸ். அதுவும் இலவசம்.

இங்கிலாந்தில் குடும்ப டாக்டரிடம் பெயர் பதிந்துகொள்கிறார்கள். பதிந்த தலைக்கு இவ்வளவு என்று அரசு பணம் கொடுக்கிறது. நோயாளியின் பழைய கதையெல்லாம் அந்த டாக்டரிடம் இருக்கும். மலையகத்தில் அந்தக் கதையைச் சுமப்பது கிளினிக் கொப்பி. பிரைவேட் டாக்டரிடம் போகும்போதும் அதை எடுத்துப் போங்கள். அவர் கொடுக்கும் மருந்தையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.