பதினேழில் பதின்மூன்றை அடித்துவிட்டேன்

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ அனுப்பிய பட்டியல் வந்தது. 2027 கோடையில் ஒரு மாதம், ஐந்து நாடு, பதினேழு கண்காட்சி. படித்த எனக்கே மூச்சு வாங்கியது. பதினேழில் பதின்மூன்றைப் பேனாவால் அடித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

வெனிஸை அடித்தது சுலபம். அங்கே கலை பினாலே இரட்டைப்படை ஆண்டுகளில்தான் நடக்கிறது. 2027இல் போனால் கட்டடக்கலையைப் பார்த்துவிட்டு வரவேண்டும். பாரிஸில் நீ குறித்திருந்த நான்கும் பெரிய பெயர்கள். புத்தகத்தில் பார்த்ததை நேரிலும் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள உதவும், அவ்வளவுதான். மற்றவற்றை நாள் கணக்குப் பார்த்து அடித்தேன். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று ஓடினால் கடைசியில் மனதில் நிற்பது ரயில் நிலையங்கள் மட்டும்.

2016 கொச்சி பினாலேவில் நான் ஒரு நாள் முழுக்க ஒரே அறையில் கிடந்தேன். சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சுரீத்தா, ஆஸ்பின்வால் ஹவுஸின் பெரிய கிடங்கு ஒன்றில் கடல்நீரை முழங்கால் அளவுக்கு நிரப்பி வைத்திருந்தார். சுவரில் கவிதை வரிகள். கடலைத் தாண்டும்போது இறந்துபோன ஒரு சிரியக் குழந்தைக்கான அஞ்சலி அது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். எதிர்ச்சுவருக்குப் போய்ச் சேர்வதற்குள் கால் கனத்துவிட்டது. அகதிகளைப் பற்றி அதுவரை படித்த எதுவும் என் காலுக்கு எட்டியிருக்கவில்லை. அன்று மற்ற அறைகளுக்குள் நான் நுழையவே இல்லை. கண்காட்சி பார்ப்பதென்றால் எனக்கு இதுதான்.

இனி, நான் விட்டுவைத்த நான்கும் புதிதாகச் சேர்த்த ஒன்றும்.

முதலில் ஜெர்மனியின் கசெல். ஐந்தாண்டுக்கு ஒருமுறை நூறு நாள் நடக்கும் டாகுமென்டா, 2027 ஜூன் 12 முதல் செப்டம்பர் 19 வரை. 2022இல் நான் போயிருந்தபோது அதை நடத்தியவர்கள் இந்தோனேசியாவின் ருவாங்ருப்பா குழு. அவர்கள் பிடித்துக்கொண்ட சொல் 'லும்புங்'. ஊர்ப் பொதுவில் நெல் சேர்த்து வைக்கும் களஞ்சியம். நம் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து வீடுகளில் பத்தாயம் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஃபிரிடரிசியானம் மாளிகையின் முகப்புத் தூண்களுக்கெல்லாம் கறுப்படித்து, டான் பெர்ஜோவ்ஷி என்ற ருமேனியர் வெள்ளையில் கிறுக்கிவைத்திருந்தார். கொழிஞ்சாம்பாறையில் முப்பது வருஷம் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் கடைப்பலகை எழுதிப் பிழைத்தவன் நான். அந்தத் தூண்களுக்கு முன்னால் நின்றபோது, என் தொழிலுக்கு யாரோ நாற்காலி போட்டது மாதிரி இருந்தது.

அதே கசெலில் ஒரு தவறும் நடந்தது. தாரிங் பாடி என்ற இந்தோனேசியக் குழு சுகார்த்தோ ஆட்சியைச் சாடி 2002இல் செய்த பெரிய பதாகை ஒன்றைச் சதுக்கத்தில் ஏற்றினார்கள். அதில் யூதர்களை இழிவாகக் காட்டும் உருவங்கள் இருந்தன. ஜெர்மனியில் அதற்கு என்ன பொருள் என்று சொல்லத் தேவையில்லை. சில நாளிலேயே இறக்கினார்கள், குழு மன்னிப்புக் கேட்டது. நான் போவதற்கு முன்பே அந்த இடம் காலியாகிவிட்டது. அவர்கள் நோக்கம் வேறு என்று வாதாடுகிறவர்கள் உண்டு, நான் அந்தக் கட்சி இல்லை. ஒரு படத்தைத் தூக்கிக்கொண்டு இன்னொரு ஊருக்குப் போகிறவன், அந்த ஊர்க்காரர்கள் என்ன பட்டவர்கள் என்று விசாரித்துவிட்டுப் போகவேண்டும்.

இரண்டாவது, மூன்ஸ்டர். பத்தாண்டுக்கு ஒருமுறை தெருவிலும் பூங்காவிலும் சிற்பங்கள் வைக்கிறார்கள், 1977இல் தொடங்கியது. 2027 அவர்கள் முறை. டிக்கெட் கிடையாது. அங்கே வெட்டிக் கட்டிய ஏரி ஒன்றின் கரையில், கிளாஸ் ஓல்டன்பர்க் 1977இல் வைத்த மூன்று கான்கிரீட் பந்துகள் இன்னும் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் மூன்றரை மீட்டர். வைத்த புதிதில் இளைஞர்கள் கூடி அவற்றை ஏரிக்குள் உருட்டிவிடப் பார்த்தார்களாம்.

இதைப் படித்ததும் உனக்கு மலம்புழா நினைவுக்கு வரவேண்டும். அணைக்கட்டின் பூங்காவில் கானாயி குஞ்ஞிராமன் 1969இல் சிமெண்டில் எழுப்பிய யக்ஷி மூன்ஸ்டர் பந்துகளுக்கு எட்டு வருஷம் மூத்தவள். நிர்வாணமாகக் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள் என்று அவளுக்கும் எதிர்ப்புக் கிளம்பியது. இன்று குடும்பம் குடும்பமாக அவள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கானாயி அறுபதுகளில் லண்டன் ஸ்லேட் பள்ளிக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர். அதற்கு முன் சென்னையில் கே.சி.எஸ். பணிக்கரின் மாணவர். பணிக்கர் 1911இல் பிறந்தது நம் வாளையாருக்கு அந்தப்புறம், கோயமுத்தூரில். அவரும் 1954இல் லண்டனிலும் பாரிஸிலும் கண்காட்சி வைத்தவர்தான். திரும்பி வந்து சில ஆண்டுகள் கழித்து அவர் கை போனது எழுத்துக்கும் எண்ணுக்கும் ஜாதகக் கட்டத்துக்கும். வாசிக்க முடியாத எழுத்தைக் கேன்வாஸில் எழுதினார். மூன்று எழுத்தில் பலகை எழுதுகிற எனக்கு ஓவியத்தின் கதவு திறந்தது அந்தப் படங்களால்தான்.

மூன்றாவது பெர்லின். அங்கே சின்ன காலரிகளுக்குக் கட்டணம் இல்லை. கதவு சாத்தியிருந்தால் மணி அடி, திறப்பார்கள். வாங்க வந்தாயா என்று யாரும் கேட்க மாட்டார்கள். சாஜன் மணி அந்த ஊரில்தான் இருக்கிறார், கண்ணூர்ப் பக்கம் ரப்பர் வெட்டும் குடும்பத்தில் பிறந்தவர். ரப்பர் ஷீட்டையே தாளாக்கியவர், 2021இல் பெர்லின் கலைப் பரிசு பெற்றார். அவர் படைப்பு எங்காவது வைக்கப்பட்டிருந்தால் தவறவிடாதே.

நான்காவது லண்டனில் டேட் மாடர்ன். பழைய மின்நிலையம், நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கப் பணம் இல்லை. ஒரு மதியம் போதும்.

ஐந்தாவது உன் பட்டியலிலேயே இல்லை, நான் சேர்த்தது: கிளாஸ்கோ. நான் போனதில்லை. ஆனால் நீ போகாமல் வேறு யார் போவது? நீ பிறந்த தோட்டத் தொழிலாளர் லயம் கண்ணன் தேவன் மலையில். 1897இல் கம்பெனி அமைத்து அந்த மலையைத் தேயிலையாக்கியவர்கள் ஜேம்ஸ் ஃபின்லே, கிளாஸ்கோ வியாபாரிகள். அதன் முதலாளி சர் ஜான் மியூர் அந்த நகரத்தின் தலைவராகவே இருந்தவர். உன் பாட்டி கிள்ளிய கொழுந்தின் லாபம் போய்ச் சேர்ந்த ஊர் அது. அங்குள்ள நவீனக் கலைக்கூடமே ஒரு புகையிலை வியாபாரியின் பழைய மாளிகை. ஜஸ்லீன் கவுர் பிறந்ததும் அந்த ஊரில்தான். சீக்கியக் குடும்பம். பழைய டிராம் கொட்டகையான டிராம்வேயில் 2023இல் வைத்த கண்காட்சிக்காக 2024இன் டர்னர் பரிசு பெற்றார். அதில் ஒரு சிவப்பு ஃபோர்டு எஸ்கார்ட் கார், அதன்மேல் டிவிக்கு நம் வீடுகளில் போடுவோமே, அந்த மாதிரிக் குரோஷாப் பின்னல் விரிப்பு, கார் அளவுக்கு. அதைப் பார்த்து முதலில் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பை விடாமல் வைத்திருக்கிறாரே, அது பெரிய துணிச்சல்.

ஏன் துணிச்சல் என்கிறேன் என்றால், அங்கே உன்னிடம் சிரிப்பை எதிர்பார்க்க மாட்டார்கள். ஐரோப்பிய நகரம் ஒன்றில் சின்ன காலரியில் என் பலகை எழுத்துகளைக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்த அம்மையார், "உங்கள் ஊரின் துயரம் இதில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. ஊருக்கு வந்து இரண்டு வருஷம் துயரமாக வரைந்து தள்ளினேன். வற்றிய கிணறு, கள் இறக்குகிறவனின் காய்ப்பேறிய கை. அத்தனையும் பொய். கிணறு வற்றியது நிஜம், அதை நான் வரைந்த காரணம்தான் பொய். தார்ப்பாயில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டேன்.

உன்னிடம் லயத்தைக் கேட்பார்கள். 2015இல் தோட்டப் பெண்கள் நடத்திய பெம்பிளை ஒருமைப் போராட்டத்தைக் கேட்பார்கள். 2020 ஆகஸ்டில் 70 பேரை மண் கொண்டுபோன பெட்டிமுடியைக் கேட்பார்கள், அதில் நீ யாரை இழந்தாய் என்றும் கேட்பார்கள். தோட்டத்துக் கதைக்கு இன்று அங்கே மதிப்பு இருக்கிறது. அது உனக்குக் கதவைத் திறக்கும் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் எதை எப்போது வரைவது என்று நீதான் முடிவு செய்யவேண்டும். இலங்கை மலையகத்தின் ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைப் பையையும் டீ வடிகட்டியையும் எடுத்துப் படைப்பாக்குகிறார். பார்த்தால் அவர் வீட்டு அடுப்படியிலிருந்து எடுத்தவை என்று தெரியும். யாரும் கேட்டுக் கொடுத்தவை அல்ல. நீ போன வருஷம் அனுப்பிய, உன் அம்மா கவாத்துக் கத்தியைத் தீட்டுகிற அந்தச் சின்னப் பென்சில் படமும் அப்படித்தான் இருந்தது. அதை விட்டுவிட்டு ஏன் எட்டடிக் கேன்வாஸுக்குப் போனாய் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

சில்லறை விஷயங்கள். பிரிட்டனுக்குத் தனி விசா. ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு கிளாஸ்கோ போகமுடியாது, இரண்டுக்கும் முன்கூட்டியே விண்ணப்பி. நோட்டுப் புத்தகம் எடுத்துப் போ, போனில் படம் எடுப்பதைக் குறைத்துக்கொள். ஒரு படைப்பைப் பார்த்ததும் பக்கத்துச் சுவரில் இருக்கும் குறிப்பைப் படிக்காதே, பத்து நிமிஷம் கழித்துப் படி. சுவரில் ஆணி எப்படி அடித்திருக்கிறார்கள், விளக்கு எங்கிருந்து விழுகிறது என்று பார். கண்காட்சி வைக்கும்போது உனக்கு உதவப்போவது இவைதான்.

விமானம் ஏறுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழிஞ்சாம்பாறைக்கு வா. அந்தப் பென்சில் படத்தையும் கொண்டுவா. காலையிலேயே கிளம்பி, வெயில் ஏறுமுன் மலம்புழாவுக்குப் போய்விடலாம். அக்காள் சாப்பாடு கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறை அண்ணன்