படகில் ஏறும் முன் கம்ப்யூட்டரில் ஏறுங்கள்: அஸ்தமன போட்டோ ஷூட்டுக்கு ஒரு திட்டம்

மணிக்கணக்கில் வாடகை பேசிப் படகு எடுத்து, பட்டுப்புடவை வேட்டியோடு பெரியவர்களை ஏற்றி, சூரியன் மறையும் நேரத்தில் போட்டோ எடுப்பது இன்று பல குடும்பங்களில் நடக்கிறது. நிச்சயதார்த்தம், மணிவிழா, பள்ளி நண்பர்கள் கூடுகை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். செலவு பெரியது, ஆனால் நல்ல வெளிச்சம் கிடைப்பதோ சில நிமிடங்கள். இந்தச் சில நிமிடங்களை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே, இலவச சாஃப்ட்வேர் இரண்டைக் கொண்டு முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

எடுத்துக்காட்டுக்குக் கொச்சியை எடுத்துக்கொள்கிறேன். அங்கே வேலை பார்க்கும் என் நண்பர் ஒருவர், திண்டுக்கல்லிலிருந்து வரும் தம் பெற்றோரின் மணிவிழாவையொட்டிச் சீன வலைகள் பின்னணியில் படம் எடுக்க விரும்பினார். அவருக்காகப் போட்ட கணக்குதான் இது. சென்னை, புதுச்சேரி வாசகர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: கிழக்குக் கரையில் சூரியன் நிலத்தின் பக்கம்தான் மறையும். கடலில் மறையும் சூரியன் வேண்டுமென்றால் மேற்குக் கரைக்குப் போக வேண்டும், அல்லது இதே முறையில் சூரிய உதயத்துக்குத் திட்டமிட வேண்டும்.

ஸ்டெல்லேரியத்தில் தேதி தேர்வு

முதல் சாஃப்ட்வேர் ஸ்டெல்லேரியம். வானத்தை அப்படியே திரையில் காட்டும் ஓப்பன் சோர்ஸ் புரோகிராம் இது. டவுன்லோடு செய்து இன்ஸ்டால் செய்ததும் எஃப்6 கீயை அழுத்தினால் இடம் குறிக்கும் விண்டோ தோன்றும். அதில் வடக்கு 9 டிகிரி 58 நிமிடம், கிழக்கு 76 டிகிரி 14 நிமிடம் என்று கொடுங்கள். நேர மண்டலம் ஏசியா/கொல்கத்தா என்று இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இது தவறினால் பின்னால் வரும் எல்லா நேரமும் தவறிவிடும். அடுத்து எஃப்4 அழுத்தி, லேண்ட்ஸ்கேப் பகுதியில் ஓஷன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் புரோகிராமோடு வரும் மரம் மட்டை படம் அடிவானத்தை மறைக்கும்.

எஃப்5 அழுத்தித் தேதியை மாற்றி, சூரியன் மேல் மவுஸால் கிளிக் செய்யுங்கள். இடது மேல் மூலையில் வரும் விவரங்களில் நமக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று அஸ்தமன நேரம். மற்றொன்று அசிமத் என்னும் திசைக்கோணம். வடக்கை 0 என்று வைத்துக் கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270 என்று சுற்றி வரும் அளவு இது. 'சூரியன் மேற்கில் மறையும்' என்று நாம் படித்தது மார்ச், செப்டம்பர் மாதங்களில் சில நாட்களுக்கு மட்டுமே சரி. கொச்சியில் ஜூன் கடைசியில் 294 டிகிரியிலும், டிசம்பர் கடைசியில் 246 டிகிரியிலும் சூரியன் மறைகிறது. அதாவது 48 டிகிரி இடம் மாறுகிறது! போன முறை போனவர் எடுத்த படத்தைக் காட்டி 'இதே மாதிரி' என்று போட்டோகிராபரிடம் கேட்பதில் அர்த்தமில்லை, மாதம் வேறாக இருந்தால்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. நவம்பர் 15-ஐயும் ஜனவரி 27-ஐயும் போட்டுப் பாருங்கள். இரண்டு நாளும் சூரியன் மறையும் திசை ஒன்றுதான், சுமார் 251 டிகிரி. ஆனால் நேரம்? நவம்பரில் மாலை 6 மணி, ஜனவரியில் 6.28. பூமியின் அச்சுச் சாய்வும், அது சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டமாக இல்லாததும் சேர்ந்து கடிகாரத்துக்கும் சூரியனுக்கும் இடையே உண்டாக்கும் வித்தியாசம் இது. படம் ஒன்றாகவே வரும். ஆனால் இருட்டுவதற்குள் கரை சேர வேண்டியவருக்கு 28 நிமிடம் பெரிய விஷயம். மறுபக்கம், நவம்பரில் கேரளத்தில் மாலை இடிமழைக்கு வாய்ப்பு அதிகம். நண்பருக்கு டிசம்பர் 21-ஐப் பரிந்துரைத்தேன். அன்று அஸ்தமனம் 6.09, திசை 246.

கூகுள் எர்த்தில் படகை நிறுத்துதல்

இரண்டாவது சாஃப்ட்வேர் கூகுள் எர்த் புரோ. 2015 முதல் இது இலவசம். ஃபோர்ட் கொச்சிக் கரைக்குப் போய், நீங்கள் விரும்பும் சீன வலையின் மேல் ஒரு பிளேஸ்மார்க் குத்துங்கள். டூல்பாரில் உள்ள ரூலரை எடுத்து, வலையில் ஒரு கிளிக் செய்து, கோட்டை நீர்ப்பக்கமாக இழுங்கள். ரூலர் விண்டோவில் நீளமும் ஹெட்டிங் என்ற திசையும் மாறிக்கொண்டே வரும். சூரியன் 246-ல் மறைந்தால், வலையிலிருந்து அதற்கு நேர் எதிர்த்திசை 246 கழித்தல் 180, அதாவது 66 டிகிரி. ஹெட்டிங் 66 காட்டும்படி கோட்டை இழுத்தால், அந்தக் கோட்டின் மேல் எங்கு படகு நின்றாலும் வலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும்.

சரி, எவ்வளவு தூரத்தில் நிற்பது? சூரியனின் அகலம் வானத்தில் அரை டிகிரி அளவுதான். எந்தத் தூரத்தையும் 108-ஆல் வகுத்தால், அந்தத் தூரத்தில் சூரியன் எவ்வளவு அகலத்தை மறைக்கும் என்று தெரியும். ஆக 1 கிலோமீட்டர் தள்ளி நின்றால் 9 மீட்டருக்குச் சற்று மேல். சுமார் 10 மீட்டர் உயரமுள்ள வலையும் சூரியனும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரியும். காலண்டர்களில் வரும் பெரிய சிவப்புச் சூரியன் இப்படி எடுப்பதுதான். அதற்கு நீளமான டெலி லென்ஸ் வேண்டும். அப்போது உங்கள் படகிலேயே மூன்றடியில் உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மா படத்துக்குள் வர மாட்டார்கள். அவர்களை இன்னொரு படகில் ஏற்றித் தள்ளி நிறுத்த வேண்டும். இரட்டை வாடகை, அதுவும் கப்பல் போகும் வாயிலில் இரண்டு படகு மிதப்பது. எனக்கு இது தேவையில்லாத வேலையாகப் படுகிறது. 50 எம்எம் லென்ஸோடு வலையிலிருந்து 150 மீட்டரில் நின்றால், வலை படத்தின் உயரத்தில் ஏழில் ஒரு பங்கு இருக்கும். பெற்றோர் முகங்களும் நன்றாக வரும். சூரியன் சின்னப் பொட்டாகத்தான் இருக்கும், இருக்கட்டுமே.

அச்சிட்ட நேரம் உங்கள் நேரம் அல்ல

இப்போது முக்கியமான கணக்கு. 6.09 என்பது திறந்த கடலில், தடையற்ற அடிவானத்தில் மறையும் நேரம். 246 டிகிரியில் வலைக்குப் பின்னால் இருப்பது கடல் அல்ல, ஃபோர்ட் கொச்சியின் மரங்களும் கட்டடங்களும். நம் கண் மட்டத்துக்கு மேல் மரம் 13 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். உயரத்தைத் தூரத்தால் வகுத்து 57-ஆல் பெருக்கினால் டிகிரி கிடைக்கும். 150 மீட்டரில் அது 5 டிகிரி. டிசம்பரில் கொச்சியில் சூரியன் ஒரு டிகிரி இறங்கச் சுமார் நாலரை நிமிடம் ஆகும். அதாவது சூரியன் 20 நிமிடத்துக்கும் முன்பாகவே, 5.45 வாக்கில் மரத்துக்குப் பின்னால் போய்விடும்! 1 கிலோமீட்டர் தள்ளி நின்றால் இதே மரம் மூன்று, நான்கு நிமிடம்தான் திருடும். எக்செல் தெரிந்தவர்கள் தூரம், உயரம், நிமிடம் என்று மூன்று காலம் போட்டு வெவ்வேறு தூரங்களுக்குப் பார்த்துக்கொள்ளலாம். மொபைல் ஆப் காட்டும் அஸ்தமன நேரத்தை நம்பி 5.50-க்குப் போய்ச் சேருபவர்களுக்குச் சூரியன் இருக்காது.

இது கெட்ட செய்தி போலத் தோன்றும். உண்மையில் இதுதான் நம் திட்டத்தைக் காப்பாற்றியது. படகு வேலை 5.45-க்கே முடிந்துவிடுவதால், வெளிச்சம் இருக்கும்போதே எல்லோரும் கரையில் இருக்கலாம். எர்ணாகுளம் மரைன் டிரைவிலிருந்து ஃபோர்ட் கொச்சி நேர்க்கோட்டில் சுமார் 4 கிலோமீட்டர் (இதையும் ரூலரில் அளக்கலாம்). மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் என்றால் 24 நிமிடம். 4.45-க்கு ஏறினால் 5.10-க்கு இடத்தில் இருப்பீர்கள். மஞ்சள் வெளிச்சத்தில் 5.45 வரை படம். பிறகு எர்ணாகுளம் திரும்பாமல் ஃபோர்ட் கொச்சி படகுத்துறையிலேயே இறங்கி, காரை அங்கே வரவழைத்துக்கொள்ளுங்கள். அங்கே இறக்கிவிட முடியுமா என்று முன்பே கேட்டு வையுங்கள். அஸ்தமனத்துக்குப் பிறகு 20 நிமிடத்துக்கு மேல் இருக்கும் செவ்வானப் படங்களைக் கடற்கரையில் நின்றே எடுக்கலாம்.

நான் ஏன் இருட்டைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்? 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய சுற்றுலாப் படகு மாலை இருட்டும் நேரத்தில் கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் 45 பேர் இறந்த விபத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, பயணிகள் ஒரே பக்கம் திரண்டது. அஸ்தமன போட்டோ ஷூட்டில் எல்லோரும் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே படகின் மூக்கைச் சூரியன் பக்கம் வைக்கச் சொல்லுங்கள். போட்டோகிராபரும் படத்தில் வருபவர்களும் மட்டும் முன்னே வரட்டும், மற்றவர்கள் இரு பக்கமும் சமமாக உட்காரட்டும்.

படகை முன்பதிவு செய்யும்போது வாடகைக்கு முன் லைசென்ஸில் எத்தனை பேர், எத்தனை மணி வரை ஓட்ட அனுமதி என்று கேளுங்கள். லைஃப் ஜாக்கெட் பட்டுப்புடவைக்குப் பொருந்தாதுதான். பட்டுப்புடவைப் படங்களைக் கரையிலேயே எடுத்துவிட்டு, படகில் ஜாக்கெட்டோடு எடுங்கள். அதைக் கழற்றச் சொல்லும் போட்டோகிராபரை மாற்றுங்கள். டிரோனைக் கொச்சியில் மறந்துவிடுங்கள். தென் கடற்படைக் கட்டளையகம் இருக்கும் ஊர் அது.

கேமரா விஷயம் சுருக்கமாக: டிரைபாட் வேண்டாம், என்ஜின் அதிர்வு கால் வழியாக ஏறிவிடும். ஷட்டர் வேகம் 1/500 நொடி அல்லது அதற்கும் வேகமாக வையுங்கள். ரா ஃபார்மட்டில் எடுங்கள். வானத்தை அளந்து எக்ஸ்போஷர் வைத்தால் முகம் கறுக்கும், எனவே சிறிய ஃபிளாஷ் ஒன்று வேண்டும். டெலி லென்ஸ் மாட்டிய கேமராவின் ஆப்டிகல் வியூஃபைண்டர் வழியாகச் சூரியனை நேரே பார்க்காதீர்கள். திரையில் பாருங்கள்.

கிளம்பும் முதல் நாள் மாலையும் அன்று காலையும் இன்காய்ஸ் வெளியிடும் கடல் நிலை முன்னறிவிப்பைப் பாருங்கள். கூகுள் எர்த்தில் போட்ட கோட்டையும் பிளேஸ்மார்க்கையும் ரைட் கிளிக் செய்து சேவ் செய்து மொபைலுக்கு அனுப்பலாம். ஆனால் ஒரு பிரிண்ட் அவுட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். படகை ஓட்டுபவரை அங்கே ஸ்ராங்க் என்பார்கள். "சேட்டா, இந்த இடத்தில் பத்து நிமிடம் நிற்க முடியுமா?" என்று காகிதத்தைக் காட்டிக் கேட்டால் அவருக்கு உடனே புரியும். அந்த வாயிலில் கப்பல்களும், ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையே வண்டி ஏற்றிச் செல்லும் ரோ-ரோ படகுகளும் போகின்றன. நீரோட்டமும் உண்டு. அவர் ஐம்பது மீட்டர் தள்ளித்தான் நிற்க முடியும் என்றால், அந்தப் புதுத் தூரத்துக்கு நிமிடக் கணக்கை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். 200 மீட்டரில் இதே மரம் மூன்றே முக்கால் டிகிரிதான், சூரியன் கூடுதலாக ஐந்து நிமிடம் நிற்கும்.