அத்திகிரி அருளாளன்: திருக்கோயில் வரலாறும் உத்ஸவ வைபவமும்

ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயத்தில் ‘கோயில்’ என்றால் திருவரங்கம். ‘திருமலை’ என்றால் திருவேங்கடம். ‘பெருமாள் கோயில்’ என்றால் காஞ்சீபுரத்து அத்திகிரி. ஸத்யவ்ரத க்ஷேத்ரம் எனப் புராணங்கள் போற்றும் இத்தலத்தில் பிரமதேவன் அச்வமேத யாகம் செய்தான் என்பது ஸ்தல புராணம். நாமகள் வேகவதி ஆறாகப் பெருகி யாகத்தைக் குலைக்க வந்தபோது, எம்பெருமான் அவ்வெள்ளத்திற்கு அணையாகக் குறுக்கே கிடந்தான். அந்தத் திருக்கோலத்தை இன்றும் திருவெஃகாவில் ஸேவிக்கலாம். யாகம் நிறைவுறும் காலத்தில் வேள்வித்தீயின் நடுவே, புண்யகோடி விமானத்தோடு தோன்றியவனே தேவப்பெருமாள். உத்ஸவ மூர்த்தியின் திருமுகமண்டலத்தில் காணப்படும் சிறு வடுக்கள் அந்த அக்னியின் ஜ்வாலை பட்டவை என்று பெரியோர் பணிப்பர். ஸேவார்த்திகள் திருமஞ்சன காலத்தில் கூர்ந்து ஸேவித்தால் இது புலப்படும்.

ஹஸ்தி என்றால் யானை. ஐராவதமே மலைவடிவாகி எம்பெருமானைத் தாங்குவதால் இவ்விடம் ஹஸ்திகிரி ஆயிற்று என்பர். மலை என்றதும் பெருங்குன்றைத் தேடி ஏமாற வேண்டா. கோயிலுக்குள்ளேயே அமைந்த சிறு மேடு அது. அதன் அடியில் குகையில் யோக நரஸிம்மர் எழுந்தருளியிருக்கிறார். அவரை ஸேவித்த பின்னர் 24 படிகள் ஏறினால் மேற்கு நோக்கி நின்ற திருக்கோலத்தில் மூலவர் காட்சி தருகிறார். இருபத்து நான்கும் காயத்ரியின் அக்ஷரங்கள் என்று அநுஸந்தித்துக்கொண்டே ஏறுவது பழைய வழக்கம். ஆனால் பலர் தங்கப்பல்லி, வெள்ளிப்பல்லி எங்கே என்று வினவிக்கொண்டே படியேறுகின்றனர்! பல்லியைத் தொடுவது தவறன்று. பெருமாளை முதலில் ஸேவித்துவிட்டுத் தொடுவது முறை.

இத்திருக்கோயிலின் ஆராதனம் பாஞ்சராத்ர ஆகமத்தில் ஜயாக்ய ஸம்ஹிதையின்படி நடைபெறுவது. பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாஸனம் செய்த திவ்ய தேசம் இது. சோழர், பாண்டியர், தெலுங்குச் சோழர், விஜயநகர மன்னர் எனப் பலரும் பொறித்த கல்வெட்டுகள் முந்நூற்றுக்கு மேற்பட்டவை இங்கே உள்ளன. கிருஷ்ணதேவராயர் 1514ஆம் ஆண்டில் புண்யகோடி விமானத்திற்குப் பொன் வேய்ந்தார். அவருக்குப்பின் வந்த அச்யுததேவராயர் இங்கே முத்துக்களால் துலாபாரம் செய்தார். பெருந்தேவித் தாயாரின் கல்யாணகோடி விமானம் லக்ஷ்மீகுமார தாதாசாரியரின் கைங்கர்யம். மேற்குக் கோபுரத்தின் வழியே நுழைந்தவுடன் இடப்புறம் தோன்றும் நூற்றுக்கால் மண்டபத்தில் எண்ணிப் பார்த்தால் தூண்கள் 96தான். குதிரைமேலும் யாளிமேலும் பாயும் வீரர்கள், கூரையின் மூலையில் ஒரே கல்லில் குடைந்த சங்கிலி வளையங்கள் ஆகியவை விஜயநகரச் சிற்பிகளின் உளித்திறம்.

அரசர் அளித்த பொன்னும் முத்தும் ஒருபுறமிருக்க, தாயார் ஸந்நிதிக்கு எதிரே நிற்கும் ஒரு பலகைக்கல்லே யாத்ரிகர்கள் நின்று பார்க்கவேண்டியது. பெரும்பாலோர் அதைக் கடந்து போய்விடுகின்றனர். 1687இல் கோல்கொண்டா ஔரங்கசீப்பின் கைக்கு வீழ்ந்தபின் கர்நாடகப் பகுதியெங்கும் படைகள் திரிந்தன. காஞ்சிக்கும் ஆபத்து நெருங்கியது. 1688இல் உத்ஸவ மூர்த்திகளை ஊரைவிட்டு அப்புறப்படுத்துவதென்று கோயிலார் துணிந்தனர். படைவீரர் காவல் நிற்கும் வழியில் பல்லக்கில் எழுந்தருளச் செய்ய இயலுமோ? ஆகவே மூர்த்திகளைத் துணியால் மூடிப் பாடையில் வைத்து, பிணத்தைக் கொண்டு செல்வதுபோல் சுமந்து சென்றனர் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஆசௌசம் என்னும் சொல்லே அணுகவொண்ணாத திருமேனிக்கு அந்த வேஷமும் ஏற்பட்டது. நாள்தோறும் மடி தவறாமல் தொட்டு ஆராதித்த கைகளே அந்தப் பாடையையும் கட்டியிருக்கவேண்டும். அவர்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! அர்ச்சாவதாரத்தில் எம்பெருமான் தன்னை முழுதும் அடியார் வசமாக்கிக்கொள்கிறான் என்று பூர்வாசாரியர்கள் அருளியதற்கு இதனினும் வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

மூர்த்திகள் சென்றடைந்த இடம் உடையார்பாளையம் காட்டுப்பகுதி. ஆபத்து நீங்கிய பிறகும் திரும்புவது எளிதாயில்லை. பெருமாளின் அழகில் ஈடுபட்ட உடையார்பாளையத்துத் தலைவர் அவரை அனுப்ப இசையவில்லை. அதில் குற்றம் காண்பதற்கும் மனம் வரவில்லை. பேரருளாளனைக் கண்டபின் பிரிய யாருக்கு மனம் வரும்? இறுதியில் ஆத்தான் திருவேங்கட ராமாநுஜ ஜீயர், தம்மை ஆச்ரயித்திருந்த லாலா தோடர்மால் என்னும் படைத்தலைவரிடம் இதனை விண்ணப்பித்தார். தோடர்மால் ஆர்க்காட்டு நவாப் ஸஆதத்துல்லா கானிடம் பணியாற்றியவர். அவருடைய முயற்சியால் 1710இல் பெருமாள் காஞ்சிக்கு மீண்டும் எழுந்தருளினார். இடையில் கழிந்தவை இருபத்திரண்டு ஆண்டுகள். ஒரு தலைமுறை உத்ஸவரின் திருமுகத்தைக் காணாமலே வளர்ந்துவிட்டது. இந்த வரலாற்றைத்தான் அந்தக் கல் கூறுகிறது. மீண்டு வந்த நாளை ஆண்டுதோறும் பங்குனியில் உடையார்பாளையம் உத்ஸவமாகக் கொண்டாடுகின்றனர்.

எம்பெருமானார் இராமாநுசரின் சரிதையிலும் இத்தலத்திற்குப் பெரும்பங்கு உண்டு. விந்தியக் காட்டில் வழிதப்பி நின்ற இளையாழ்வாரை வேடுவ தம்பதிகளாக வந்து காஞ்சிக்கு அழைத்து வந்தவர்கள் பேரருளாளனும் பெருந்தேவியுமே. சாலைக் கிணற்றிலிருந்து நாள்தோறும் தீர்த்தம் சுமந்து வந்தார் இராமாநுசர். திருக்கச்சி நம்பிகள் ஆலவட்டம் வீச, அவருடன் பெருமாள் வார்த்தையாடினார். இராமாநுசரின் ஐயங்களுக்கு விடையான ஆறு வார்த்தைகளும் நம்பிகள் மூலமாகவே வெளிவந்தன. பின்னர் திருவரங்கப்பெருமாள் அரையர் வந்து இசைபாடிப் பெருமாளை உகப்பித்து, பரிசாக இராமாநுசரையே கேட்டார். “அவரையன்றி வேறு கேளும்” என்று பெருமாள் தயங்கினார். கேட்டதைத் தரும் வரதன் தந்த வாக்கை மாற்றலாமோ என்று அரையர் மடக்க, பெருமாள் தம் செல்வத்தை அரங்கனுக்கு விட்டுக்கொடுத்தார். வரதன் என்ற திருநாமத்தின் விலை அன்று தெரிந்தது.

உத்ஸவங்களில் தலையாயது வைகாசி ப்ரஹ்மோத்ஸவம். மூன்றாம் நாள் காலை கருட ஸேவை. க்ளைவ் ஸமர்ப்பித்ததாகக் கூறப்படும் மகரகண்டி அன்று திருமார்பில் விளங்கும். கோபுர வாசலில் பெருமாள் எழுந்தருளும்போது திருக்குடைகளால் ஒரு கணம் மறைக்கப்படுவதைக் காணும் புதியவர்கள், கூட்ட நெரிசலில் குடை சாய்ந்துவிட்டதாக எண்ணுவர். அது தொட்டையாசாரியர் ஸேவை. சோழசிங்கபுரத்தில் வாழ்ந்த தொட்டையாசாரியர் ஆண்டுதோறும் கருட ஸேவைக்குக் காஞ்சி வருபவர். ஓராண்டு உடல் தளர்ந்து வர இயலாமல், ஊரிலிருந்த தக்கான் குளக்கரையில் நின்று நெஞ்சுருகித் துதித்தார். அப்பொழுதே பெருமாள் கருடாரூடராய் அங்கு அவருக்கு ஸேவை ஸாதித்தார். அன்று பாடிய ஸ்தோத்ரமே தேவராஜ பஞ்சகம். குடைக்குள் மறையும் அக்கணத்தில் பெருமாள் சோழசிங்கபுரம் சென்று மீள்கிறார் என்பது ஐதிஹ்யம். ஆகவே குடை மறைக்கும்போது முகம் சுளிக்காமல் கைகூப்புக.

சித்ரா பௌர்ணமியில் பெருமாள் ஐயங்கார்குளத்து நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருள்வது வேறெங்கும் காணக் கிடைக்காத காட்சி. ஆண்டு முழுதும் நீரில் ஆழ்ந்திருக்கும் மண்டபம், அன்று நீரை இறைத்தபின் வெளிப்படுகிறது. படிகளின் வழியே பெருமாள் பூமிக்குள் இறங்கி மண்டபத்தை வலம் வந்து, பிறகு பாலாற்றுக்கு எழுந்தருளுகிறார். மறுநாள் கால் வலிக்கும் என்று அஞ்சுவோர் அதைக் காண்பது அரிது. தை மாதத்தில் பழையசீவரத்திற்குப் பார்வேட்டை, பங்குனி உத்திரத்தில் தாயாரோடு திருக்கல்யாணம், ஆடிப் பௌர்ணமியில் கஜேந்திர மோக்ஷம் ஆகியவையும் முக்கியமானவை.

நூற்றுக்கால் மண்டபத்திற்கு வடக்கே உள்ள அநந்தஸரஸ்ஸின் நீருக்கடியில் அத்திமரத் திருமேனியராய் அத்திவரதர் சயனித்திருக்கிறார். வேள்வித்தீயின் வெம்மை தணியத் தாமே நீரை விரும்பினார் என்பர் சிலர். படையெடுப்புக்கு அஞ்சி மறைக்கப்பட்டார் என்பர் சிலர். நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எழுந்தருளும் மரபின்படி 1939லும் 1979லும் ஸேவை ஸாதித்தவர், 2019 ஜூலை 1 முதல் சயனக் கோலத்திலும் ஆகஸ்டு 1 முதல் நின்ற கோலத்திலும் காட்சி தந்து, ஆகஸ்டு 17 அன்று மீண்டும் திருக்குளத்தில் எழுந்தருளினார். 1979இல் தாயின் இடுப்பிலிருந்து ஸேவித்த குழந்தைகள், 2019இல் தம் மக்களை அழைத்துக்கொண்டு வரிசையில் நின்றனர். அடுத்த ஸேவை 2059இல்.