விலையைக் குறைத்தாலும் போகாத படகு

பழைய பெரிய படகை விற்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "என்ன விலை சொல்லலாம்?" என்றுதான். "வாங்குகிறவர் அதை எங்கே கட்டுவார்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பலருக்கு எரிச்சல் வரும். விற்ற பிறகு அது வாங்கினவர் பாடு, நமக்கென்ன என்பார்கள். விற்பனை சிக்கிக்கொள்வது அந்த இடத்தில்தான்.

நான் இருப்பது அமெரிக்காவின் மேரிலாந்தில், செசபீக் விரிகுடாக் கரையில். 1980களின் கடைசியில் கட்டிய 42 அடிப் படகு ஒன்றைப் பல ஆண்டுகள் வைத்திருந்து விற்றேன். மீன்பிடிப் படகல்ல. இரண்டு படுக்கையறை, அடுப்படி, கழிப்பறை, மாடியில் ஓட்டுமேடை, அடித்தளத்தில் இரண்டு டீசல் எஞ்சின் என்று மிதக்கும் வீடு மாதிரியான உல்லாசப் படகு. அதற்குப் பிறகு எங்கள் படகுத்துறையில் தெரிந்தவர்கள் சிலருக்கும் விற்க ஒத்தாசை செய்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

இந்தச் சந்தையில் படகுக்குப் பஞ்சமே இல்லை. மரப்படகு உளுத்துப் போகும், ஃபைபர்கிளாஸ் போகாது. 1980களில் பணம் புழங்கிய காலத்தில் வார்த்துத் தள்ளிய கூடுகள் இன்றும் மிதக்கின்றன. 1991இல், 1 லட்சம் டாலருக்கு மேல் விலையுள்ள படகுகளுக்கு, அந்த வரம்பைத் தாண்டும் தொகையில் 10 சதவீதம் ஆடம்பர வரி போட்டார்கள். பணக்காரர்கள் படகு வாங்குவதை நிறுத்தினார்கள். வேலை போனது படகு கட்டும் தொழிலாளிகளுக்கு. 1993இல் வரியை எடுத்துவிட்டார்கள். அந்த வரிக்கு முந்தைய தலைமுறைப் படகுகள்தான் இன்று கேட்பாரற்று விளம்பரங்களில் நிற்கின்றன. உங்கள் படகு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், அதே வயதில் அதே நீளத்தில் இன்னொன்று பக்கத்துத் துறையிலேயே விலைக்கு இருக்கும்.

அப்படியானால் விலையைக் குறைத்தால் போகுமே என்று தோன்றும். போகாது. டெலவேரிலிருந்து ஒரு தமிழ்த் தம்பி போன் செய்தார். "அண்ணே, 45 அடிப் படகு, சும்மாவே தர்றாங்க. வாங்கிப் போடவா?"

"கட்ட இடம் இருக்கா தம்பி?"

"இல்லண்ணே."

"இன்ஷூரன்ஸ் கேட்டீங்களா?"

"படகே சும்மாதானே வருது, அதுக்கு எதுக்கு?"

யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்பதுதான் இங்கே கேள்வி. யானையின் விலை அல்ல. துறை வாடகை அடிக்கணக்கில் போகும். கிரேனில் தூக்கி அடிப்பாகத்துக்குப் பாசி பிடிக்காத பெயின்ட் அடிப்பதும் அடிக்கணக்குதான். பனிக்காலம் வருவதற்குள் எஞ்சினிலும் குழாய்களிலும் தண்ணீரை வடித்து உறைதடுப்புத் திரவம் ஏற்ற வேண்டும். வாங்க வருகிறவர் விவரமானவர் என்றால் இந்தக் கணக்கையெல்லாம் போட்டுவிட்டுத்தான் வருவார். நீங்கள் விலையில் 5,000 டாலர் குறைப்பது, அவருடைய ஒரு வருடச் செலவுக்கே காணாது.

இன்ஷூரன்ஸ் அதைவிடப் பெரிய முட்டுக்கட்டை. பொறுப்புக் காப்பீடு இல்லாத படகைப் பெரும்பாலான துறைகள் உள்ளே விடுவதில்லை. பல இடங்களில் 3 லட்சம் டாலருக்காவது காட்டச் சொல்கிறார்கள். இன்ஷூரன்ஸ்காரர்களோ இருபது, முப்பது வயது தாண்டிய படகு என்றாலே முகம் சுளிப்பார்கள். வங்கிகளும் வயதைக் கேட்டதும் கடன் இல்லை என்று ஒதுங்கிவிடும். கடன் கிடைக்காத பொருளைக் கையில் ரொக்கம் உள்ளவர்தான் வாங்க முடியும். அவ்வளவு ரொக்கம் வைத்திருப்பவர் இவ்வளவு பழைய படகைத் தேடுவதும் அபூர்வம்.

அதனால் விளம்பரம் கொடுப்பதற்கு முன் நான் செய்தது வேறு வேலை. துறை மேலாளரிடம் பேசி, வாங்குகிறவர் விரும்பினால் அதே இடத்தில் அந்தப் பருவம் முழுக்கக் கட்டிக்கொள்ளலாம் என்று எழுதி வாங்கினேன். எந்தக் காப்பீட்டு முகவர் இந்த வயதுப் படகை எடுப்பார் என்று விசாரித்துப் பெயரைக் குறித்துவைத்தேன். எஞ்சினைப் பார்த்துவந்த மெக்கானிக்கிடம், புது ஆளுக்கும் வேலை செய்து தருவீர்களா என்று கேட்டுக்கொண்டேன். படகைப் பார்க்க வந்தவர்கள் மெத்தையைவிட, ஜன்னலைவிட, இந்த விவரங்கள் எழுதிய தாளைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள்.

அடுத்து சர்வே. சாம்ஸ், நாம்ஸ் என்ற சங்கங்களில் உறுப்பினரான சர்வேயர் வந்து படகை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்து அறிக்கை கொடுப்பார். வாங்குகிறவர் செலவு அது. ஆனால் பழைய படகு என்றால், விற்பவரே முன்கூட்டி ஒரு சர்வே செய்துகொள்வது நல்லது என்பேன். அறிக்கையில் "உடனே சரிசெய்ய வேண்டியவை" என்று ஒரு பட்டியல் வரும். இன்ஷூரன்ஸ்காரர் அதைத்தான் பிடித்துக்கொள்வார். காலாவதியான தீயணைப்பான், ஒற்றை கிளாம்ப் போட்ட குழாய், மூட மறுக்கும் கடல்நீர் வால்வு போன்றவை முன்னதாகவே சரியாகிவிட்டால் பேரத்தில் வாய்திறக்க இடமிருக்காது.

சர்வேயர் பிளாஸ்டிக் சுத்தியலால் மேல்தளத்தைத் தட்டிக்கொண்டே போவார். ஃபைபர்கிளாஸுக்கு நடுவில் எடை குறைய பால்சா மரத்துண்டுகளை வைத்துக் கட்டியிருப்பார்கள். கைப்பிடிக் கம்பியின் திருகுத் துளை வழியாக வருடக்கணக்கில் மழைநீர் இறங்கினால் உள்ளே மரம் கூழாகிவிடும். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கேட்கும். நமுத்த இடத்தில் சத்தம் செத்துவிடும். படகை விற்கப்போகும் வருடத்தில் எதற்கும் செலவு செய்யாவிட்டாலும் இந்தத் திருகுகளைக் கழற்றிப் புது சீலன்ட் வைத்துவிடுங்கள்.

எஞ்சினிலும் சில நுணுக்கங்கள் உண்டு. என் படகில் இருந்தவை கேட்டர்பில்லர் 3208. 10.4 லிட்டர், வி8, அந்தக் காலத்தில் எங்கும் காணப்பட்ட டீசல் எஞ்சின். சிலிண்டருக்குத் தனி லைனர் கிடையாது. தேய்ந்தால் பிளாக்கையே கடைய வேண்டும். ஆகவே விவரம் தெரிந்தவருக்கு எஞ்சின் ஓடிய மணிக்கணக்கைவிட எண்ணெய்ப் பரிசோதனை முக்கியம். சர்வேக்கு முந்தின வாரம் புது எண்ணெய் மாற்றி வைக்காதீர்கள். புது எண்ணெயில் எந்த நோயும் தெரியாது என்பது சர்வேயருக்கும் தெரியும். எதையோ மறைக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார். எஞ்சினுக்கு அடியில் புதுப் பெயின்ட் பளபளப்பதும் அதே சந்தேகத்தைக் கிளப்பும்.

வெள்ளோட்டத்தில் முழு வேகத்துக்கு முடுக்குவார்கள். 375 குதிரைத்திறன் எஞ்சின் 2,800 சுற்றைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் எஞ்சின் போச்சு என்று முடிவுகட்டி இறங்கிவிடுவார்கள். உண்மையில் பல தடவை குற்றவாளி ப்ரொப்பெல்லரில் ஒட்டிய சிப்பிதான். முந்தின நாள் முக்குளிப்பவரை வைத்து ப்ரொப்பெல்லரையும் அடிப்பாகத்தையும் சுரண்டிவிட்டால், அந்தச் சில நூறு டாலர் பல ஆயிரத்தைக் காப்பாற்றும்.

பெட்ரோல் எஞ்சின் வைத்த பெரிய படகு என்றால் பாடு இன்னும் அதிகம். 1960-70களின் சில படகுகளில் பெட்ரோல் டாங்கையே ஃபைபர்கிளாஸில் செய்தார்கள். பின்னாளில் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபோது அது டாங்கின் ரெசினையே கரைத்து எஞ்சினுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. டாங்கை மாற்ற எஞ்சினையோ தரையையோ பெயர்க்க வேண்டியிருக்கும். அந்தச் செலவு படகின் விலையையே தாண்டிவிடலாம்.

நாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உரிமையாளர் மூக்குக்கு அது தெரியாது. கழிவுநீர்க் குழாய் பழசானால் அதன் சுவரிலேயே வாடை ஏறிவிடும். ஊதுபத்தி ஏற்றினால் போகாது, குழாயையே மாற்ற வேண்டும். வாசற்படி தாண்டியதும் மூக்கைப் பொத்திக்கொண்ட மனைவியைப் பார்த்தபின் எந்தக் கணவரும் விலை பேசி நான் கண்டதில்லை.

யாருக்கு விற்பது என்பதும் உண்டு. வேகம் தேடும் இளைஞர்கள் உங்களிடம் வரப்போவதில்லை. அவர்களுக்குப் பின்னால் தொங்கும் அவுட்போர்டு எஞ்சின் வேண்டும். 2021இல் மெர்க்குரி 600 குதிரைத்திறனில் அவுட்போர்டு கொண்டுவந்த பிறகு பெரிய படகுகள்கூட அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன. என் படகு 16 நாட் வேகத்தில் மணிக்கு 110 லிட்டர் டீசல் குடித்தது. 8 நாட்டில் போனால் அதில் கால்பங்குகூட ஆகாது. ஆகவே "அதிவேகம்" என்ற சொல்லை விளம்பரத்திலிருந்தே எடுத்துவிட்டு, மெதுவான வேகத்தில் எவ்வளவு டீசல் ஆகும் என்ற கணக்கைப் போட்டேன். கடைசியில் வாங்கியது ஓய்வுபெற்ற தம்பதி. வீட்டை விற்றுவிட்டுப் படகிலேயே குடியிருக்கத் திட்டம். அவசரமே இல்லாதவர்கள்.

தூரத்து ஆட்களை நம்ப வேண்டாம். எட்டரை அடி அகலம் தாண்டினால் சாலையில் கொண்டுபோகச் சிறப்பு அனுமதி வேண்டும். 14 அடி அகலப் படகுக்கு மாடியைக் கழற்றி, முன்னும் பின்னும் காவல் வண்டி விட வேண்டியிருக்கும். வாங்குகிறவர் தண்ணீர் வழியாக வந்து சேரக்கூடிய தூரத்தில் இருப்பவர்தான். விற்க ஏற்ற காலம், வசந்தத்தின் தொடக்கம். அக்டோபரில் விற்க நிற்பவர் பனிக்கால வாடகைக்குப் பயப்படுகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

புரோக்கர்கள் பொதுவாக 10 சதவீதம் கேட்பார்கள். 30,000 டாலர் படகுக்கும் 3 லட்சம் டாலர் படகுக்கும் அலைச்சல் ஒன்றே என்பதால், உங்கள் படகின் படம் அவர் கண்ணாடி ஜன்னலில் மூலையில்தான் இருக்கும். அதில் அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

எதுவும் நடக்காமல் போனால் ஒரு டாலருக்கு யார் தலையிலாவது கட்டிவிடலாம் என்ற யோசனை வரும். கவனம். வாங்கினவர் பெயர் மாற்றாமல் எங்கோ ஓடையில் நங்கூரம் போட்டு விட்டுவிட்டுப் போனால், படகு மூழ்கும்போது பதிவேட்டில் இருப்பது உங்கள் பெயர். ஃபுளோரிடாவில் இப்படிக் கைவிடப்பட்ட படகுகளை எடுப்பதற்கே அரசு தனியாகச் செலவழிக்கிறது. தொண்டு நிறுவனத்துக்குத் தானம் கொடுத்து வரிச்சலுகை பெறலாம் என்றால், அவர்கள் அதை விற்றுவிட்டால் பெரும்பாலும் விற்ற தொகைக்கு மேல் கழிக்க முடியாது. எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு எஞ்சினையும் ஜெனரேட்டரையும் வெண்கல ப்ரொப்பெல்லர்களையும் தனித்தனியாக விற்றார். முழுப் படகுக்கு யாரும் தராத தொகை அதில் வந்தது. பாதி, கூட்டை நொறுக்கிக் குப்பைக்கிடங்குக்கு அனுப்பும் செலவுக்குப் போனது.

முறையாக விற்பவருக்கு: மத்திய அரசில் பதிவான படகு என்றால் விற்பனைப் பத்திரம் தேசியக் கப்பல் ஆவண மையத்துக்குப் போய், பெயர் மாறியது உறுதியாகும் வரை உங்கள் இன்ஷூரன்ஸை நிறுத்தாதீர்கள். ஒரு பிரதியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். பின்புறம் எழுதியிருக்கும் படகின் பெயரையும் ஊரையும் சாவி கொடுக்கும் முன் சுரண்டி எடுத்துவிடச் சொல்லிக் கேளுங்கள்; பெரும்பாலான வாங்குபவர்கள் மறுப்பதில்லை.