ஆளில்லா வானூர்தியும் ஆளின் நம்பிக்கையும்

பாகனின்றித் தானே செல்லும் வான ஊர்தியொன்றைப் புறநானூற்றின் 27 ஆம் பாட்டிலே நாம் கண்டிருக்கின்றோம். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குப் பாடியது அது. நல்வினை செய்து புலவரால் ஏத்தப்பெற்றவர்க்கே அவ்வூர்தி கிட்டும் என்பது அவர் கருத்து. வகுப்பிலே அதனைப் படித்த காலத்தில், அத்தகைய ஊர்தியைக் கண்டு அஞ்சுவாரும் உளரோ என்று நாம் ஆசிரியரை வினவியதில்லை. அண்மையிற் கனகராயன்குளத்து வயல்வரம்பிலே நின்றபொழுதுதான் அவ்வினா நம் மனத்தில் எழுந்தது.

குளத்தின் கீழுள்ள வயலொன்றில் மருந்தடிக்கும் ட்ரோன் ஒன்றைக் கொணர்ந்திருந்தனர். விசிறிகள் சுழல அது எழுந்ததும் இளைஞர் கைபேசிகளை உயர்த்திப் படம் பிடிக்கலாயினர். எழுபது வயதைக் கடந்த கமக்காரர் ஒருவரோ, ஒலி கேட்ட கணமே மண்வெட்டியைப் போட்டுவிட்டு மரத்தின்கீழ் ஒதுங்கினார். சிலர் நகைத்தனர். நமக்கு நகை வரவில்லை.

போர்க்காலத்திலே வன்னி மக்கள் ஆளில்லா வேவு விமானத்திற்கு ‘வண்டு’ என்று பெயரிட்டிருந்தனர். இலங்கை விமானப்படை பயன்படுத்திய அவ்விமானங்கள் இஸ்ரேல் நாட்டிற் செய்யப்பெற்றவை. பார்ப்பதே வண்டின் தொழில். ஆயினும் அது வட்டமிட்ட இடத்திற்குப் பின்னர் கிபிரோ எறிகணையோ வரக்கூடும் என்பதை 2009 மே மாதம் வரையும் வாழ்ந்து கற்றவர்கள் இவர்கள். பதுங்குகுழி வாயிலிலே நின்று, அவ்வொலி தேய்கின்றதா வளர்கின்றதா எனச் செவிகொடுத்தவர் பலர் இன்றும் நம்மிடையே உளர். ஆகவே அம்முதியவரை ஒதுக்கியது அறியாமையன்று; அறிவே. ஆனால் அது வேறொரு பொறியைப் பற்றிய அறிவு. (2019 உயிர்த்த ஞாயிற்றுக் குண்டுவெடிப்புகளின் பின்னர் நாடெங்கும் ட்ரோன் பறத்தலைச் சிறிது காலம் தடைசெய்தார்கள். அச்சம் வன்னிக்கு மட்டும் உரியதன்று.)

மனிதன் தானியங்கிகளை நம்பும் வகையை ஆராய்ந்தவர்களுள் இராஜா பரசுராமன் குறிப்பிடத்தக்கவர். அமெரிக்காவிலே பேராசிரியராக விளங்கி 2015 இல் மறைந்த அவர், விக்டர் றைலி என்பாருடன் கூடி 1997 இல் வெளியிட்ட கட்டுரையில் மூன்று பிழைகளை எடுத்துக்காட்டினார். பொறியை அளவுக்கு மிஞ்சி நம்பிக் கண்காணியாது விடுதல் ஒன்று. நம்பத்தக்கதையும் நம்பாது ஒதுக்குதல் மற்றொன்று. இயக்குவோரின் நிலையை எண்ணாது தானியங்கியை வடிவமைப்போரே புகுத்திவிடுதல் மூன்றாவது. முதியவரிடம் கண்டது இரண்டாவது பிழை எனின், கைபேசி உயர்த்திய இளைஞரிடம் கண்டது முதலாவது. நம் மதிப்பில் முதலாவதே கொடிது.

ட்ரோன் எதனை அறியும் என்பதைச் சற்றே நோக்குவோம். ஏறத்தாழ 20,000 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் செய்மதிகளுள் நான்கினையேனும் அது ‘கேட்டால்’ மட்டுமே தன் இருப்பிடத்தைச் செவ்வனே கணிக்கும். காற்றின் அழுத்தங்கொண்டு உயரத்தையும், காந்தங்கொண்டு திசையையும் உணரும். உழவியந்திரத்தின் அருகே வைத்து எழுப்பினால் அதன் இரும்பு திசையறி கருவியை மயக்கிவிடும். இயக்குவோனுடன் உள்ள றேடியோத் தொடர்பு அறுந்தால், பல ட்ரோன்கள் முன்னரே குறித்த உயரத்திற்கு எழுந்து, புறப்பட்ட இடத்திற்குத் தாமே மீளும். இதனை ‘வீடு திரும்புதல்’ என்பர். அந்த ‘வீடு’ எது? போதிய செய்மதிகளைக் கண்டபின் பொறி தன் நினைவிற் பதித்த இடம், அவ்வளவே. உயரத்தைப் பதினைந்து மீற்றர் என்று குறித்தவன் வழியிலே நிற்கும் இருபது மீற்றர் முதிரையை மறந்தானாயின், தடையறி கருவி இல்லாத பொறி நேரே சென்று அம்மரத்தில் மோதும். அது சொன்னபடியே செய்தது. சொன்னவன்தான் மரத்தை எண்ணவில்லை.

பெருவிமானங்களின் கதையும் இதுவே. 1974 டிசம்பர் 4 ஆம் நாள், ஹஜ் யாத்திரிகரை ஏற்றிக் கட்டுநாயக்காவில் இறங்க வந்த விமானம் மஸ்கெலியாப் பகுதியிலுள்ள ஏழு கன்னியர் மலையில் மோதியதில் 191 பேர் மாண்டனர். டொப்ளர் கருவியையும் வானிலை றேடாரையும் சார்ந்திருந்த விமானிகள் தம்மிருப்பிடத்தைத் தவறாகக் கொண்டமையை விசாரணை காரணமாகக் காட்டிற்று. பரசுராமன் கூறிய மூன்றாவது பிழைக்கு அண்மைக்காலச் சான்று போயிங் 737 மாக்ஸ். விமானத்தின் மூக்கைத் தானே கீழ்நோக்கித் தள்ளும் ஓர் ஏற்பாடு, ஒரேயோர் உணரியின் பிழையான அளவை நம்பிச் செயற்பட்டது. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலுமாக 346 உயிர்கள் போயின. முதல் விபத்து நேரும்வரை விமானிகளின் கைந்நூலில் அவ்வேற்பாடு விளக்கப்பட்டிருக்கவும் இல்லை. தம்மோடு விமானத்தை ஓட்டும் வேறொன்று உண்டென்பதே அறியாதவரிடம் எந்த நம்பிக்கையைக் குறைகூறுவது?

மீண்டும் வயலுக்கு வருவோம். ட்ரோன் இரண்டு மூன்று முறை போய்வந்தபின் முதியவர் மரத்தடியை விட்டு மெல்ல வரம்புக்கு வந்தார்.

“தம்பி, உதை ஆர் விடுறது?”

“நான்தான் ஐயா.”

“உன்ரை கைக்கு அடங்காமல் போனால்?”

புறப்பட்ட இடத்திற்குத் தானே திரும்பிவந்து இறங்கும் என்று இயக்கிய இளைஞன் பெருமையோடு விளக்கினான். முதியவர் பொறுமையாகக் கேட்டார்.

“அந்த இடத்திலை ஆரும் நிண்டால்?”

இளைஞன் திரும்பிப் பார்த்தான். ட்ரோன் எழுந்த அதே இடத்தில் பிள்ளைகள் மூவர் கைபேசியும் கையுமாக நின்றிருந்தனர். அவன் ஒன்றும் பேசாது சென்று அவர்களை வரம்புக்கு அப்பால் அனுப்பிவிட்டு வந்தான். விசிறிகள் முற்றும் அடங்கும்வரையும் முதியவர் தம் மண்வெட்டியை எடுக்கவில்லை.